தாதி உடையை மடித்து வைத்தவள்

உங்கள் மகள் ஒருத்தி மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஆண்டுகள் படித்து டிப்ளோமா வாங்கி, 8 ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டாள். லயத்தில் உங்களை எல்லாரும் "மிஸ்ஸியோட அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு மெல்லச் சொல்கிறாள்: "அம்மா, நான் வேலையை விட்டுட்டேன். மிஷின் விக்கிற கம்பெனிக்குப் போறேன்."

நீங்கள் என்ன செய்வீர்கள்?

தென் கெடாவில் எங்கள் தோட்டத்தில் 2018-ஆம் ஆண்டு ஒரு தாய் அடுப்பை அணைத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை.

"டீச்சர், நீங்கதான் அவளைப் படி படின்னு சொன்னீங்க. இப்ப நீங்களே வந்து கேளுங்க. எங்க பாட்டி காலத்துலேர்ந்து பால் வெட்டினோம். ஒருத்தியாவது வெள்ளை உடுப்புப் போட்டா. அதையும் கழட்டிட்டு சாமான் விக்கப் போறாளாம்!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் அந்தத் தாயின் பக்கம்தான் இருந்தேன். 2001-இல் ஆறாம் ஆண்டு வகுப்பில் என்னிடம் படித்தவள் அவள். மருந்தடிக்கும் பம்பு பழுதானால் மண்டோர் திட்டிக்கொண்டே பிரிப்பதைப் பக்கத்தில் குந்திப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குத் தாமதமாக வருவாள். அப்படிப்பட்டவள் தாதியானபோது நான் பெருமைப்பட்டது கொஞ்சமல்ல. பெண் பிள்ளைகளிடம் "என்னவாக ஆசை?" என்று கேட்டால் இன்றும் "டீச்சர்", "தாதி" என்ற இரண்டு பதில்கள்தானே அதிகம் வருகின்றன? அழுக்குப்படாத உடுப்போடு நம் கண்முன்னே நடமாடியவர்கள் கிராணி, வாத்தியார், டிரெஸ்ஸர் ஐயா, இவர்கள்தாம். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-லேயே சட்டம் வந்தது. அந்த அளவுக்கு மதிப்பான வேலை அது. விற்பவர் என்றால் நமக்கு யார்? சம்பள நாளில் துணி மூட்டையோடு லயத்துக்கு வந்து தவணைக்குக் கொடுப்பவர். அவரை விட்டால், இனிக்க இனிக்கப் பேசி நம்மையும் ஆள் சேர்க்கச் சொல்பவர். நானே ஒரு முறை மாதத் தவணையில் காந்தப் படுக்கை வாங்கி ஏமாந்தவள். அது இன்னும் என் கட்டிலடியில்தான் கிடக்கிறது. முதுகுவலியும் போகவில்லை, பணமும் திரும்பவில்லை.

ஆகவே கண்டிப்பதற்காகத்தான் அந்தப் பெண்ணிடம் போனேன். அவள் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

அவள் சண்டை போடவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப் படம் வரைந்தாள்.

"டீச்சர், ஸ்டோர்ல பால் ஊத்தறப்ப சல்லடையில வடிகட்டுவாங்க இல்ல? சிறுநீரகம் கெட்டுப்போனவங்களுக்கு இரத்தத்தை அப்படி வடிகட்டணும். அதுக்குத்தான் மிஷின்."

இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் ஒருவரையாவது அறியாத தோட்டம் இன்று உண்டா? வாரத்தில் 3 நாள் விடியற்காலை வேனில் ஏறிப் பட்டணத்துக்குப் போய், 4 மணி நேரம் படுத்திருந்து, களைத்துத் திரும்புகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. ஏறத்தாழ 6 பேரில் ஒருவர். நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழப்பதற்குத் தலையாய காரணம் அதுதான். அந்த மிஷினில் ஒரு குழல் இருக்கிறது. குழலுக்குள் தலைமுடி போன்ற மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வோர் இழையும் உள்ளே துளையுள்ளது. இரத்தம் இழைக்குள்ளே ஓடும். வெளியே சுத்தமான நீரில் உப்புகள் கலந்த திரவம் எதிர்ப்பக்கமாக ஓடும். கழிவு இழையின் சுவர் வழியே திரவத்துக்குப் போய்விடும். இதற்கு ஒருவருக்கு ஒரு வேளைக்கு 120 லிட்டர் தண்ணீர் ஆகிறது. எண்ணெய்ப் பீப்பாயில் பாதிக்கும் மேல்! திரவத்தின் சூடு, உப்பு, இரத்தம் ஓடும் வேகம், குழாயில் காற்றுக் குமிழி வருகிறதா என்பதையெல்லாம் மிஷினுக்குள் இருக்கும் கணினி கவனித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் பிசகினாலும் மணி அடிக்கும்.

அந்த மணி அடித்தால் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். தாதிப் படிப்புக்குமேல் சிறுநீரகப் பிரிவுக்கென்று தனிப் பயிற்சியும் முடித்தவள் அவள். எந்த மணி ஊசி நகர்ந்ததால் அடிக்கிறது, எது நோயாளி கையை மடக்கியதால் அடிக்கிறது, எது உண்மையிலேயே ஆபத்து என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாளாம். மிஷினைப் பழுது பார்க்க வந்த கம்பெனி பொறியியலாளர் இதைப் பார்த்துவிட்டு, "எங்க கம்பெனிக்கு வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் சாமான் விக்கப் போகல டீச்சர். எனக்குத் தெரிஞ்ச மிஷினைத் தெரியாத தாதிங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போறேன். அது நல்லா இருந்தா அவங்க வாங்குவாங்க."

இது முழு உண்மையல்ல என்பது அவளுக்கும் பிறகுதான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

அவள் வேலையை விட்டதற்கு மிஷின்மேல் இருந்த ஆசை மட்டும் காரணமில்லை. வீடுதான் பெரிய காரணம். தாய்க்கு அப்போது 54 வயது. தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. 60 ஆனதும் வேலை முடியும். வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் சின்ன வீடு வாங்கலாம் என்றால், வங்கி 90 விழுக்காடு கொடுத்தாலும் மீதி 10 விழுக்காடும் வழக்கறிஞர் செலவும் கையில் வேண்டும். தாதிச் சம்பளத்தில் தம்பியின் படிப்புச் செலவு போக என்ன மிஞ்சும்? இன்னும் 6 வருடம். அதைத்தான் அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். தாயிடம் மட்டும் சொல்லவில்லை, சொன்னால் "எனக்காகவா?" என்று அழுவாரென்று பயம்.

கமிஷன் கணக்கு

சம்பள விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். ஆகையால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். விற்பனை வேலையில் அடிப்படைச் சம்பளம் ஒன்று உண்டு. விற்றால் அதற்குமேல் கமிஷன். இலக்கு என்று ஒன்று வைப்பார்கள்; ஆங்கிலத்தில் டார்கெட் என்பார்கள். அதைத் தொடாவிட்டால் கமிஷன் குறையும், அல்லது வராமலே போகும். கார் வேண்டும், பெட்ரோலுக்கும் பயணத்துக்கும் படி தருவார்கள்.

இதில் நம்மவர் கவனிக்காத ஒன்று ஊழியர் சேமநிதி. மிகைநேர வேலைக்குக் கிடைக்கும் பணத்துக்குச் சேமநிதி பிடிப்பதில்லை. பயணப் படிக்கும் இல்லை. ஆனால் கமிஷனுக்கு உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருத்திக்குச் சம்பளம் 2,400 வெள்ளி, மிகைநேரம் 600 வெள்ளி. கைக்கு வருவது 3,000 போலத் தெரியும். சேமநிதி 2,400-க்குத்தான்: அவள் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 576 வெள்ளி. இன்னொருத்திக்கு அடிப்படை 2,400, கமிஷன் 600. இவளுக்கு 3,000-க்கும் கணக்கு. ஏறத்தாழ 720 வெள்ளி. மாதம் 144 வெள்ளி வித்தியாசம், வருடத்துக்கு 1,728 வெள்ளி. இரவு கண்விழித்துச் சம்பாதித்த காசு முதுமைக்கு ஒன்றும் வைக்காமல் போய்விடுகிறதே என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஆனால் கமிஷனை நம்பி வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கிக்காரர் அவ்வளவு எளிதில் தலையாட்டமாட்டார். பல மாதச் சம்பளச் சீட்டும் சேமநிதி அறிக்கையும் கேட்பார். ஒரு மாதம் குவிந்து மறு மாதம் காய்ந்துபோகும் வருமானத்தை அவர் முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அது எப்படிக் காயும் என்பதை 2020 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. புது மையம் திறக்க நினைத்தவர்கள் எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். விற்பனை படுத்துவிட்டது. அடிப்படைச் சம்பளத்தில் கார் தவணை கட்டி மிஞ்சியது சொற்பம். வீட்டுக்காகச் சேர்த்த பணத்தில் கை வைத்தாள். தாய் சும்மா இருப்பாரா? "ஆஸ்பத்திரியில இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமலே விடுவார். அந்த முடிக்காத பேச்சுத்தான் தனக்கு அதிகம் வலித்தது என்றாள். கூடப் படித்த தாதிகள் முகம் முழுக்க மூடிக்கொண்டு வார்டில் நிற்கும்போது தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோமே என்று வேறு மனம் அரித்திருக்கிறது. ஆனால் இரத்தச் சுத்திகரிப்பு மட்டும் எந்த ஆணைக்கும் நிற்கக்கூடியதல்லவே! மிஷின் பிரச்சினை வந்தால் கடிதம் வாங்கிக்கொண்டு, சாலைத் தடுப்புகளில் காட்டிக்காட்டி, அலோர் ஸ்டார் வரைக்கும் தனியாகப் போய் வந்தாள். புதிதாக அந்தப் பிரிவுக்கு மாற்றப்பட்ட தாதிகளுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாள். அந்த மாதங்களில் கமிஷன் என்று ஒன்றுமே இல்லை.

விற்காமல் விட்டது

இந்த வேலையில் அவளை எனக்கு உண்மையாகப் புரியவைத்தது அவள் விற்ற மிஷின்கள் அல்ல, விற்காமல் விட்ட ஒன்று.

ஒரு பட்டணத்தில் ஒருவர் புதிதாகச் சுத்திகரிப்பு மையம் திறக்க ஏற்பாடு செய்தார். மிஷினோடு தண்ணீர் சுத்தம் செய்யும் சாதனமும் வேண்டும். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். நாம் குடிக்க அது நல்லது. ஆனால் சுத்திகரிப்பின்போது அது இரத்தத்துக்குள் போனால் சிவப்பணுக்கள் உடைந்து போகும், உயிருக்கே ஆபத்து. அதனால் தண்ணீரைக் கரி நிரப்பிய தொட்டிகளில் விட்டு, பிறகு மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுவார்கள். கரித் தொட்டி ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு இருக்க வேண்டும். முதல் தொட்டி தளர்ந்துபோனாலும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். இடையே தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவும் வசதி.

அவர், "ஒரு தொட்டி போதும், விலையைக் குறைங்க, 8 மிஷினும் உங்ககிட்டயே எடுத்துக்கிறேன்" என்றாராம்.

8 மிஷின்! வருட இலக்கில் பெரும்பகுதி ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும். வீட்டின் முன்பணம் அநேகமாக அதிலேயே வந்திருக்கும். அவள் முடியாது என்றாள். அவர் வேறு கம்பெனிக்குப் போனார். மேலதிகாரி கூப்பிட்டு, "வாங்குறவர் கேட்கிறதைக் கொடுக்கிறதுதான் விற்பனை. நீ இன்னும் தாதியாகவே இருக்கிறாய்" என்று கடிந்துகொண்டார். அந்த மூன்று மாதத்துக்கான பட்டியலில் அவள் பெயர் கடைசியில் இருந்தது.

"பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு டீச்சர். ஆனா அந்தக் கட்டில்ல நம்ம தோட்டத்து ஆளுதானே வந்து படுப்பாங்க" என்றாள்.

விற்பவரெல்லாம் இப்படி இருப்பார்களா என்று கேட்பீர்கள். இருக்கமாட்டார்கள். அவளே சொல்கிறாள், மாதக் கடைசியில் மனிதனுக்குப் புத்தி தடுமாறும் வேலை இது என்று. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று வார்டில் நின்றவளுக்குத்தான் தெரிகிறது. அவளுடைய முதல் செயல்முறை விளக்கத்தின்போது ஒரு மூத்த தாதி, "ஒரு கையில ஊசியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால மணியை நிறுத்த முடியுமா?" என்று கேட்டாராம். கூட வந்த விற்பனையாளர் விளக்கத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். இவள் கையுறை போட்டுக்கொண்டு செய்தே காட்டினாள். அங்கே அன்றைக்கே பேச்சு முடிந்துவிட்டதாம்.

இனி, உங்கள் மகளும் இப்படி ஒரு யோசனையோடு வந்தால் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அரசாங்கத்தில் ஓய்வூதியத் தகுதியோடு வேலை செய்பவள் ராஜினாமா செய்தால் ஓய்வூதியம் போய்விடும். இந்தப் பெண் தனியார் மருத்துவமனையில் இருந்ததால் அந்த இழப்பு இல்லை. ஆகவே அவளைப் பார்த்து அரசாங்கத் தாதி குதித்துவிடக் கூடாது. உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். படிப்புக்கு மருத்துவமனை பணம் கொடுத்திருந்தால் ஒப்பந்தம் எத்தனை வருடம், முன்கூட்டியே விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், தாதியாக வேலை செய்ய ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பணிச் சான்றிதழ். அதற்குத் தொடர் கல்விப் புள்ளிகள் வேண்டும். இவள் விற்பனைக்குப் போன பிறகும் விடுமுறை நாளில் விரிவுரைகளுக்குப் போய்ப் புள்ளி சேர்த்து, அந்தச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறாள். திரும்ப நினைத்தால் கதவு திறந்திருக்கும்.

கம்பெனி நல்ல கம்பெனிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேலைக்குச் சேர உங்களிடம் பணம் கேட்டால், முதலில் நீங்களே பொருள் வாங்க வேண்டும் என்றால், ஆள் சேர்த்தால்தான் காசு என்றால், வெளியே வந்துவிடுங்கள். என் கட்டிலடியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம், சேமநிதி, சொக்சோ மூன்றும் வேலைக் கடிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவச் சாதனம் விற்கும் கம்பெனியென்றால் 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். விற்கும் மிஷினும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நேர்முகத் தேர்விலேயே இதைக் கேட்கலாம். கேட்டால் மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

ஊர் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளுக்குப் பேசி முடித்த ஒரு சம்பந்தம் தட்டிப்போயிற்று. "கார் எடுத்துக்கிட்டுத் தனியா ஊர் ஊரா சுத்துற பொண்ணு, ஓட்டல்ல தங்குதாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம். இரவு 2 மணிக்கு ஷிப்டு முடித்த டாக்டர்களோடு வார்டில் நின்றபோது கெடாத பெயர், பகல் 2 மணிக்கு நெடுஞ்சாலையில் போனால் கெட்டுவிடுமா? 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோதும் அங்கே போன பெண்களைப் பற்றி இதே வாய்தான் பேசியது. அந்தச் சம்பளத்தில் எத்தனை குடும்பங்கள் நிமிர்ந்தன என்று பேசியவர்களுக்கே தெரியும். எனக்கு அந்த மாப்பிள்ளை வீட்டார்மேல் இன்னும் கோபம்தான். அவளுக்கு இல்லையாம். அதுவும் நம்புகிற மாதிரி இல்லை.

வீடு 2024-இல் வந்தது. நினைத்ததைவிட இரண்டு வருடம் தாமதம். தாய்க்கு 60 முடிந்து, தோட்டத்திலிருந்து காலி செய்யக் கடிதம் வந்த பிறகுதான் சாவி கைக்குக் கிடைத்தது. அந்த இடைவெளியில் அவர் ஏழு வாரம் தங்கை வீட்டுக் கூடத்தில் படுத்தார். இப்போது சுங்கை பட்டாணிக்கு வெளியே ஒரு தாமானில் இருக்கிறார்கள். வாசலில் கருவேப்பிலை வைத்திருக்கிறார். தாதி உடை இரண்டு, அலமாரியில் பட்டுப் புடவைக்கு மேல் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டார் மகளைப் பற்றிக் கேட்டால் இன்றும் "ஆஸ்பத்திரி வேலை" என்றுதான் சொல்கிறாராம்.

போன மாதம் நான் அவளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த இழைக் குழலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஒரு மணி நேரம் போதும் என்றேன். உடனே சரியென்றாள். பழைய குழல் ஒன்றைக் குறுக்கே வெட்டி, இழைகள் தெரியும்படி எடுத்து வருகிறேன் என்றும் சொன்னாள். நாள் குறிக்கும்போதுதான் தயங்கினாள்.

"எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க டீச்சர். மாசக் கடைசி மட்டும் வேணாம்."